ஒரே கிளிக்தான் சார்!

நம்மாள் வேர்டைத் திறந்தால் அது உடனே திறக்காது. நீலத் திரை வந்து நிற்கும். அதன் அடியில் ஆட்-இன்கள் ஏறிக்கொண்டிருப்பதாகச் சேதி ஓடும். அதற்குள் அவர் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார். "திறக்கத்தான் சார் லேட்டு. திறந்துட்டா பறக்கும்" என்பார். திறந்தபின் பார்த்தால் ஹோம், இன்சர்ட் என்று நாம் அறிந்த டேப்கள் இடது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மீதி இடமெல்லாம் அவர் குடிவைத்தவர்கள். பிடிஎஃப் ஆக்க ஒன்று, பிடிஎஃபைத் திரும்ப வேர்டாக்க ஒன்று, ஆங்கில இலக்கணம் பார்க்க கிராமர்லி, சமன்பாடு எழுத மேத்டைப், பார்கோடு போட இன்னொன்று. எங்கள் பிரிவுக்கு பார்கோடு தேவைப்படும் காகிதம் ஒன்றுகூட வந்ததில்லை. "வந்துட்டா?" என்று திருப்பிக் கேட்பார்.

கணக்குப் பிரிவில் உதவியாளர். கம்ப்யூட்டர் பிரிவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் பகை. நம் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். நாம் ஒரு பட்டியலில் பெயரையும் இனிஷியலையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருப்போம். சற்று நேரம் பார்ப்பார். 'ச்சு' கொட்டுவார். "இன்னும் கையாலயா பண்றீங்க? நகருங்க சார், ஒரே கிளிக்தான்." அதோடு நாற்காலி அவருடையது. டவுன்லோட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி, ரீஸ்டார்ட். அரை மணி நேரம் கழித்து வேலை நிஜமாகவே ஒரே கிளிக்கில் முடியும். பட்டியலில் இருந்தது முப்பதே பெயர் என்பதைச் சொல்ல நமக்குத்தான் மனசு வராது.

அவரை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. ஆபீஸ் 2007 வந்த புதிதில் அதில் பிடிஎஃபாகச் சேமிக்க வழியில்லை. மைக்ரோசாஃப்ட் தனியாகத் தந்த ஆட்-இன்னை இறக்கிப் போட வேண்டும். அது அவருடைய பென்டிரைவில் இருந்தது. அந்த நாளில் அவரைக் கண்டால் மேனேஜரே நாற்காலி இழுத்துப் போடுவார். 2009-இல் சர்வீஸ் பேக் 2 வந்து அந்த வசதியை உள்ளேயே சேர்த்துவிட்டது. பெயர் பிரிக்கும் சமாசாரத்துக்கும் அதே கதிதான். எக்செல் 2013-இல் ஃப்ளாஷ் ஃபில் வந்துவிட்டது. கன்ட்ரோலையும் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால் தானே நிரப்பிக்கொள்ளும். இவர் தோளில் தூக்கிச் சுமப்பதையெல்லாம் அடுத்த பதிப்பு விழுங்கிவிடுகிறது. விழுங்கியதையாவது நீக்குவாரா என்றால், மாட்டார். "இருந்துட்டுப் போகுது, சோறா கேக்குது?" ராம் கேட்கிறது என்று கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

ஆபீஸ் 97-இல், நாம் கடிதம் எழுதத் தொடங்கினால் கண்ணை உருட்டிக்கொண்டு உதவிக்கு வந்து நிற்கும் ஒரு பேப்பர் கிளிப் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஊரே எரிச்சல்பட்டு விரட்டியதில் 2007 பதிப்போடு அது இடத்தைக் காலி செய்தது. அதற்காக இன்றுவரை வருந்தும் ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். இருவருக்கும் ஒரே தொழில்.

அவருடைய தலைசிறந்த படைப்பு, எக்செல்லில் தொகையை எழுத்தால் எழுதும் ஸ்பெல்நம்பர். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில் கிடைக்கும் நிரல் டாலர், சென்ட், மில்லியன் என்றுதான் எழுதும். ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அதை ரூபாய், பைசா, லட்சம், கோடிக்குக் கொண்டுவந்தார். 1,25,000 என்று அடித்தால் பக்கத்துக் கட்டத்தில் 'ருபீஸ் ஒன் லாக் ட்வென்ட்டி ஃபைவ் தவுசண்ட் ஒன்லி' என்று வந்து விழும். எல்லோரும் கைதட்டினோம். சூப்பிரண்டென்ட் மேடம் அன்றைக்கே பில் படிவத்தில் அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். படிவம் கிளை அலுவலகங்களுக்குப் போயிற்று. ஆட்-இன் போகவில்லை, அது இவருடைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. கிளையில் ஒருவர் தொகையை மாற்றி என்டர் தட்டியதும், எழுத்தால் என்ற இடத்தில் '#நேம்?' என்று வந்தது. அந்தப் புண்ணியவான் மறுபேச்சில்லாமல் அதையே பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆடிட்டுக்கு வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "மேடம், இந்த 'நேம்'ங்கறது எத்தனை சைபர்?"

நம்மாள் அசரவில்லை. "ஃபைல்ல ஒரு குறையும் இல்ல சார். திறந்த இடம் சரியில்ல."

தமிழ்க் கோப்புகளில் அவர் கைவண்ணம் வேறு ரகம். எங்கள் பழைய சுற்றறிக்கைகள் எல்லாம் வெளியே டிடிபி சென்டரில் அடித்து வாங்கியவை. அத்தனையும் பாமினி எழுத்துரு. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நாம் மட்டும் இப்படியே இருக்கலாமா என்று கன்வெர்ட்டரை ஏற்றினார். எல்லாவற்றையும் செலக்ட் செய்தார். ஒரே கிளிக். தமிழ் அழகாக மாறியது. கூடவே நடுவில் இருந்த ஆங்கிலமும் மாறியது. பாமினியில் ஜி விசைக்குப் 'ப', எம் விசைக்கு 'அ'. எது தமிழ், எது ஆங்கிலம் என்று கன்வெர்ட்டருக்கு ஏது விவரம்? ஆகவே ஜிமெயில் முகவரிகள் எல்லாம் 'பஅயடை.உழஅ' என்று முடிந்தன. எங்கள் ஸ்டெனோ தமிழ் எம்.ஏ. தாளைத் தூக்கிப் பிடித்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "உழஅ... அளபெடை மாதிரி இருக்கே. எந்த நூல்ல வருது?"

வீட்டுக்குப் போனாலும் ஓய்வில்லை. ப்ராஜெக்ட், ஆய்வேடு என்று தெருப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எதிர்வீட்டுப் பெண் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அவளுக்கு ஜோட்டேரோ போட்டுக்கொடுத்தது இவர்தான், அதில் இவருக்குப் புண்ணியம் உண்டு. நடுவில் ஒரு மேற்கோளைச் செருகினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் தானே வந்து உட்காரும். கடைசியில் துணைநூற்பட்டியலும் அகர வரிசையில் வந்து நிற்கும். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மேற்கோளைத் தொட்டால் பின்னால் சாம்பல் நிறம் தெரிகிறதே, பிரின்ட்டில் அசிங்கமாக விழுமே என்று கவலைப்பட்டு 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' என்ற பொத்தானைத் தட்டினார். சாம்பல் நிறம் பிரின்ட்டில் விழவே விழாது. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று குறுக்கே வந்தது. எந்தப் பெட்டியையும் படித்துப் பழக்கமில்லாதவர் ஓகே கொடுத்தார். அத்தனை மேற்கோளும் வெறும் எழுத்தாகிவிட்டன. அடுத்த வாரம் கைடு, "ஏபிஏ வேண்டாம், எம்எல்ஏ ஸ்டைலுக்கு மாத்திடும்மா" என்றார். பெண் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையால் மாற்றினாள்.

"ஒரே கிளிக்னு சொன்னீங்களே அங்கிள்?"

"போனதும் ஒரே கிளிக்லதானேம்மா."

போன மாதம் கம்ப்யூட்டர் பிரிவு பொறுமை இழந்தது. எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்து, அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமல் எதையும் ஏற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். 1999-இல் மெலிசா வைரஸ் ஒரு வேர்ட் கோப்புக்குள் ஒளிந்து வந்து மெயில் சர்வர்களைப் படுக்கவைத்த கதை, இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்டே தடுத்து வைக்கும் செய்தி, எல்லாவற்றையும் அந்தத் தம்பி நம்மாளை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினார்.

மூன்றாம் நாள், குரோம் எக்ஸ்டென்ஷனுக்கு அட்மின் பாஸ்வேர்ட் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். மத்தியானத்துக்குள் பிரிவு முழுக்கப் போட்டாயிற்று. மேடம் பிஎஃப் தளத்தைத் திறந்தால், மூலையில் ஒரு பெட்டி எழும்பி, புடவைக்கு இருபது சதவீதம் கூப்பன் இருக்கிறது என்றது. கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பியைக் கூப்பிட்டு விட்டார்கள். மேடத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்து, பக்கத்து மேஜைகளையும் பார்த்துவிட்டு, அவர் தன் லேப்டாப்பை மெதுவாக மூடிப் பின்னால் வைத்துக்கொண்டார். மேடம் விடவில்லை.

"அதுல என்ன தம்பி?"

"டார்க் மோட் மேடம். அண்ணன்தான் போட்டுக்கொடுத்தாரு. கண்ணுக்கு நல்லாருக்கு."