டி என்று போட்ட பொத்தான்

எண்பதுகளில் கும்பகோணத்தில் நாங்கள் இருந்த வீட்டில் மின்சாரம் ரேழி வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு தேக்குப் பலகையில் மீட்டர். அதற்குக் கீழே கறுப்பு இரும்புப் பெட்டியில் ஐ.சி. மெயின் சுவிட்ச். பக்கத்திலேயே வெள்ளைப் பீங்கானில் வரிசையாக ப்யூஸ் கட்டைகள். வாசலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அதைப் பார்க்காமல் கடக்க முடியாது. எந்தக் கட்டை கூடத்துக்கு, எது சமையலறைக்கு, எது மோட்டாருக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டிக்கும் தெரியும்.

ப்யூஸ் போனால் அப்பாதான் போடுவார். ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வார். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டுக்கொள்வார். மெயினை இறக்கிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கட்டையைப் பிடுங்குவார். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதால் அந்தப் பழக்கம். பிடுங்கிய கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பீங்கானில் கருகல் திட்டாகப் பரவியிருந்தால் ஷார்ட் சர்க்யூட். கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் லோடு அதிகம். புதுக் கம்பி கட்டுவதற்கு முன்னாலேயே எங்கே போய்த் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த மெயினுக்குள் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு ப்யூஸ்கள் இருந்தன. பழைய வீடுகள் பலவற்றில் இப்படித்தான். இதில் இருந்த ஆபத்து பெரியது. நியூட்ரல் ப்யூஸ் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும். ஆனால் பேஸ் கம்பியில் 230 வோல்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கும். கரண்ட் போய்விட்டது என்று நம்பிக் கை வைத்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். விளக்கு அணைந்திருப்பதை அப்பா ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரில் நியான் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் தொடுவார்.

அந்தக் காலத்தைப் போற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கடையில் 5, 10, 15 ஆம்பியர் என்று ப்யூஸ் கம்பி தனித்தனியாகக் கிடைத்தது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ப்யூஸ் போனால் அது யார் வீட்டில் இருக்கும்? பழைய டேபிள் பேன் ஒயரை வெட்டி, அதிலிருந்து செம்பு இழைகளை உருவி முறுக்கிக் கட்டுவார்கள். 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை ஒன்று உருகுவதற்கே ஏறக்குறைய 7 ஆம்பியர் வேண்டும். நான்கு இழையை முறுக்கினால் 25 ஆம்பியரைத் தாண்டிவிடும். ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டிய அந்தக் கால அலுமினிய ஒயர் அவ்வளவு தாங்காது. கட்டையில் உருக வேண்டிய சூடு கூரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘இனிமே போகவே போகாதுங்க’ என்று கட்டிவிட்டுப் போகிறவர் சொன்னால், அந்த வீட்டுக்காரர்களுக்காகப் பயப்பட வேண்டும்.

இப்போது பீங்கான் கட்டை போய் எம்.சி.பி. வந்துவிட்டது. 1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்ற கருவியின் வழி வந்தது இது. எனக்கு அதன் மேல் உண்மையான மரியாதை உண்டு. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. லோடு கூடி நேரம் ஆக ஆக அது சூடேறி வளைந்து விசையைத் தட்டிவிடும். ஷார்ட் ஆனால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, அதற்கென்று ஒரு சுருள் காந்தமாகி அந்தக் கணமே இழுத்துவிடும். முகப்பில் சி16 என்று இருந்தால் 16 என்பது ஆம்பியர். சி என்பது அதைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு மின்சாரம் பாய்ந்தால் உடனே விழும் என்பதற்கான குறி. பி ரகம் மூன்றிலிருந்து ஐந்து மடங்கிலேயே விழும். பழுது சரியாகாமல் நெம்பைத் தூக்கிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாலும் உள்ளே தொடர்பு அறுந்துவிடும். மனிதனின் அவசரத்துக்கு இடம் கொடுக்காமல் அதைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல சாமானை நாம் கதவுக்குப் பின்னால் காலண்டர் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

போன ஐப்பசி மழையில் மடிப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து பார்த்தேன். எந்த நெம்பு எந்த அறைக்கு என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. கசிவைக் கண்டால் விழும் ஆர்.சி.சி.பி. இருந்தது, ஆனால் இரண்டு ஒயர்களும் அதைச் சுற்றிக்கொண்டு நேராக எம்.சி.பி.க்குப் போயிருந்தன. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“மழை நாள்ல சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு சார். மேடம் தொந்தரவா இருக்குன்னாங்க. அதான் டைரக்ட் குடுத்துட்டேன்.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, மனிதனை அல்ல. ஈரக் கையோடு கீசரைத் தொடுகிறவர் உடம்பு வழியாக 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை, பேசாமல் நிற்கும். ஆர்.சி.சி.பி.யின் வேலை வேறு. பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் இமைப்பொழுதில் விழுந்துவிடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதைவிட அது குறைவு. மழை நாளில் விழுகிறது என்றால் எங்கேயோ ஈரம் புகுந்து கசிகிறது என்று பொருள். தெருநாய் குரைக்கிறதென்று அதை விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விட்ட மாதிரி ஒரு காரியத்தைச் செய்திருந்தார்கள்.

அவரை வைத்தே ஒயரை மறுபடி ஆர்.சி.சி.பி. வழியாக இழுத்தோம். பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வந்தோம். மொட்டைமாடி பிளக் பாயின்ட்டுக்குப் போகும் நெம்பைத் தூக்கியதும் சட்டென்று விழுந்தது. மேலே போய்ப் பார்த்தால் பெட்டி உடைந்து உள்ளே தண்ணீர். தங்கையின் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், முழங்கை உயரத்தில் அது இருந்தது. பெட்டியை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே பாக்ஸ் முழுவதையும் பார்த்துவிட்டோம். ஒரு நெம்பை இறக்குவது, எந்த அறை இருண்டது என்று தங்கை கத்திச் சொல்வது, கதவின் உள்பக்கம் எழுதிக்கொள்வது. அப்போதுதான் கூடத்தில் ஒரு விளக்கு மட்டும் அணையாமல் நின்றது தெரிந்தது. அது இன்வெர்ட்டர் லைன். மெயினை இறக்கினாலும் பாட்டரியிலிருந்து அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்த பிறகு மெயினை இறக்கிவிட்டோம் என்ற ஒன்றை மட்டும் நம்பி ஹோல்டரைத் தொடக்கூடாது. அப்பாவின் டெஸ்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஏ.சி. எம்.சி.பி.க்குக் கீழே ஒயரின் மேலுறை பழுப்பேறியிருந்தது. ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் சூடாகி வந்திருக்கிறது. மெயினை இறக்கினாலும் மெயினின் மேல்முனையில் மின்சாரம் இருக்கும் என்பதால் முடுக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டோம். பார்ப்பதும் முகர்வதும் காது கொடுத்துக் கேட்பதும் நம் வேலை. கருகல் வாடையோ ‘உஸ்’ என்ற சத்தமோ வந்தால் தாமதிக்கவே கூடாது.

கடைசியாக ஆர்.சி.சி.பி.யில் டி என்று போட்ட பொத்தான். கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் வேண்டுமென்றே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கும், கருவி உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டியதுதான். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போகும், அதனால்தான் அடிக்கடி அழுத்தச் சொல்கிறார்கள். பல கருவிகளின் முகப்பிலேயே அது அச்சிட்டிருக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை இந்தப் பொத்தான் சொல்லாது, அதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குச் சித்திரை மாதத்தில் பாட்டி தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். தங்கை இருக்கும் அடுக்குமாடியில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை இப்போது ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில் கட்டும் மாதமா இல்லையா என்று பார்க்கும்போதே பொத்தானையும் அழுத்திவிடுகிறாள். எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் பெட்டியையும் பார்க்கச் சொன்னாராம். அங்கே சுவருக்கு அடித்த பெயின்ட் பொத்தான் மேலும் ஏறி இறுகிக் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனோடு போகிறோம். புது ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.