51-ஆவது மீட்டர்

பள்ளிக்கூட வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் விதி வகுத்ததை அறிந்தபோது, அதன் தீர்க்கதரிசனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில், 51-ஆவது மீட்டரில் உள்ள பெட்டிக்கடைக்கு நடந்து போய் வருவதே இன்று பல பிள்ளைகளுக்கு வாய்க்கும் ஏக தேகப்பயிற்சி.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் வித்தியாசாலைகளிலும் அதற்கென ஒரு பீரியட் உண்டு. ஆயினும், பரீட்சை நெருங்கியதும் கணக்கு வாத்தியார் சாக்பீஸும் கையுமாகப் பிரவேசித்து அதனை ஸ்வீகரித்துக்கொள்வதால், பீரோவுக்குள் பந்து காற்றிழந்து இளைக்கிறது. பெஞ்சில் அமர்ந்த பிள்ளைகள் பருக்கிறார்கள்.

அடுத்த வீட்டுச் சிறுவன் முதல் மாடிக்குப் போக லிப்டுக்காகக் காத்து நின்று, சிப்ஸ் பொட்டலத்தின் அடியில் தங்கிய மசாலாவை விரல் நுனியால் துழாவிக்கொண்டிருக்கையில், அவன் பாட்டியோ, “குழந்தை துரும்பாய் இளைத்துவிட்டான், சார்!” என்று அங்கலாய்த்தவாறே கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைக்கிறாள். டாக்டர் சொற்படி தினமும் நடக்கும் தகப்பனாரோ, பிள்ளையைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, மைதானத்தைத் தாம் மட்டும் எட்டு முறை பிரதட்சிணம் செய்கிறார்.

கொழுப்பைச் சேமிப்பது பால்யத்துக்கும், கரைப்பது நாற்பதுக்கு மேலும் உரிய ஆசிரம தர்மம் போலும்!