பட்டியும் பாட்டியும்: தவழும் பருவத்து அடைப்புகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. தேனியில் வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் ஆன்லைனில் வரவழைத்தது. பிரித்தால், நாலடிக்கு நாலடி, இரண்டடி உயரம், நான்கு பக்கமும் வலை. பத்து மாதப் பேத்தியைப் பகலில் உள்ளே விடுவதற்காம். என் மனைவி அதை ஒருமுறை சுற்றி வந்தாள். "ஏங்க, உங்க மகன் காசு குடுத்துப் பஞ்சாரம் வாங்கியிருக்கான். இது புள்ளையா, கோழிக்குஞ்சா?" என்றாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் இதை ஆராயாமல் விடுவது தகாது. ஆராயும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது உடன்பயன்.

பெயராய்வு

விற்பவர் இதைப் 'பிளேபென்' என்பர். தமிழில் பட்டி என்பதே பொருந்தும். ஆடுமாடு அடைக்கும் இடம் பட்டி, ஊரும் பட்டி. ஆண்டிபட்டி, வடுகபட்டி, அனுமந்தன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் பட்டியில் பிறந்து பட்டியிலேயே வளர்ந்தவர்கள். அடைத்துவிட்டார்கள் என்று எவரும் அழுததில்லை. ஆயினும் கட்டுக்கு அடங்காமல் ஊர்மேயும் மாட்டுக்கும் பட்டிமாடு என்றே பெயர். அடைக்கும் இடமும் அடங்காத உயிரும் ஒரே சொல்லில் நிற்பதால், தவழும் குழந்தையைப் பார்த்த பிறகே முன்னோர் இச்சொல்லை ஆக்கினர் என்பது என் துணிபு. ஓர் எச்சரிக்கை: குமுளிக்கு அந்தப் பக்கம் இக்கலைச்சொல்லைத் தவிர்க்கவும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

பட்டிக்கு ஒரு கால் போட்டால் பாட்டி. அம்மாச்சி, அப்பத்தா, அவ்வா என்று இங்கே வீட்டுக்கு வீடு பெயர் மாறினும் அமைப்பு ஒன்றே: காலை நீட்டி உட்கார்ந்து, நடுவில் பிள்ளையை இருத்தி, கீரை ஆய்வது. பிள்ளை கரை தாண்டினால் கால் தானே மடங்கித் தடுக்கும். இதை மடித்து அட்டைப்பெட்டியில் அனுப்ப முடியாது என்பது ஒன்றே குறை.

இலக்கியச் சான்று

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. செங்கீரையில் பிள்ளை தலைநிமிர்ந்து ஆடும், சப்பாணியில் கைகொட்டும், வருகையில் தளர்நடை இடும். அடைப்புப் பருவம் என ஒன்று கிடையாது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவமோ, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைப் பிள்ளை மிதித்து அழிக்க வருவது பற்றியது.

கட்டிவைத்துப் பார்த்ததற்கும் சான்று உண்டு. யசோதை கண்ணனை உரலில் கட்டினாள். அவன் உரலையே இழுத்துப் போய் இரண்டு மருதமரங்களைச் சாய்த்தான். கம்பம் ஊரில் அவன் நந்தகோபாலனாகத் தம்பிரான் மாட்டுத்தொழுவில் இருக்கிறான்; மாட்டுப்பொங்கலன்று கூட்டம் கொள்ளாது. மாட்டுக்குத் தொழு கட்டிய ஊர் அவனைக் கட்டிவைக்க முயலவில்லை. மருதமரங்கள் நினைவில் இருந்திருக்கலாம்.

உயரம் பற்றிய வழக்கு

இரண்டடி போதுமா என்று மருமகள் கேட்டாள். உயரத் தகராறு எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. பென்னிகுக் 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீரை 152 அடிக்குத் தேக்கலாம் என்றிருந்தது. 1979-இல் 136 ஆனது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 என்றது. ஆனால் பலரும் மறப்பது ஒன்று: அந்த அணை ஆற்றை அடைத்துவைக்கக் கட்டியதன்று. மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பக் கட்டியது. அடைப்பின் மெய்யான வேலை திருப்புவதே என்னும் இக்கோட்பாடு பின்னர் பயன்படும்.

அயல்நாட்டுச் சான்று

பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியான எலினோர் ரூஸ்வெல்ட், நியூயார்க் வீட்டுச் சன்னலுக்கு வெளியே கம்பிக்கூண்டு மாட்டி, நல்ல காற்று படட்டும் என்று மகள் அன்னாவை அதில் உறங்க வைத்தார். பக்கத்து வீட்டம்மா புகார் கொடுப்பேன் என்று மிரட்டினார். பக்கத்து வீட்டம்மா எந்த நாட்டிலும் இருக்கிறார் என்பது இதனால் பெறப்படும்.

வங்கதேசத்துச் சான்று சிரிப்புக்குரியதன்று. தாய்மார் வீட்டுவேலையில் இருக்கும் பகல்பொழுதில் சிறு பிள்ளைகள் குளங்குட்டையில் விழுந்து இறப்பதைத் தடுக்க, 2010-களில் அங்கே கிராமங்களில் வீட்டுக்கு அடைப்பும் ஊருக்குக் காப்பகமும் கொடுத்துப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் வேலியைச் சொல்கிறது. கூடவே, கவனிக்க ஆள் உள்ள இடத்தையும் சொல்கிறது. அந்த ஆளைத்தான் நாம் பால்வாடி டீச்சர் என்கிறோம், அதற்கு முன்பு அப்பத்தா என்கிறோம்.

கள ஆய்வு

முதல் நாள்: உள்ளே விட்டதும் அழுகை, பக்கத்து வீட்டம்மா வந்தார்.

மூன்றாம் நாள்: பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே வீசினாள். எடுத்துக் கொடுத்தேன். மீண்டும் வீசினாள். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே இருந்தவன் குனிந்து நிமிர்ந்தேன். அடைபட்டது யார் என்பதை முதுகு உரைத்தது.

ஐந்தாம் நாள்: அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அதுல செத்த ஒக்கார வைங்க, கஞ்சி வடிக்கணும்." ஆய்வின் திருப்புமுனை இதுவே. கொதிக்கும் சோற்றுப்பானை சாயும் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பஞ்சாரம், கூண்டு ஆகிய எதிர்ப்பெயர்கள் எவையும் எழவில்லை.

எட்டாம் நாள்: வலையைப் பற்றி எழுந்து நின்றாள்.

முடிவு

குழந்தையை அடைப்பில் விடலாமா? கஞ்சி வடிக்கும் நேரம் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் அது காவல் அன்று, மறதி.

பின்னிணைப்பாக ஒன்று. சென்ற வாரம் எங்கள் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. பழைய பஞ்சாரம் இற்றுப்போயிருந்தது. பூனை மதில்மேல் உட்கார்ந்திருந்தது. என் மனைவி என்னிடம் கேட்கவில்லை. இப்போது குஞ்சுகள் வலைக்கு உள்ளே. பேத்தி வெளியே, அதே வலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கிறாள்.