ஈரத்துவாயும் ஒருநாட் பயணமும்: கிண்ணியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

நீர் விளையாட்டையும் பண்பாட்டுத் தலங்களைக் காண்பதையும் ஒரே பகலுக்குள் அடக்க முற்படும் குடும்பப் பயணங்களைத் திட்டமிடுவோர் யாவரும் தூரம், செலவு, நேரம் என்னும் மூன்றையே அளவுகோலாகக் கொண்டு வந்தமையால், அப்பயணங்களின் தலைவிதியை உண்மையில் நிர்ணயிக்கும் நான்காவது பொருளாகிய ஈரம் கணக்கில் சேராமலே போயிற்று. ஈரம் என்பது இங்கே கடலிலோ கிணற்றடியிலோ நனைந்தவரின் உடையிலும் தலைமுடியிலும் துவாயிலும் தங்கி, அவர் அடுத்துச் செல்லும் இடத்துக்கு அழையாமலே கூட வந்து சேரும் நீரைக் குறிக்கும். துவாய் என்பது தமிழகத்தார் துண்டு என்று வழங்கும் பொருளே; ஈழத்து வழக்கில் அது எத்தனை பேருக்கு ஒன்று என்பது வாசலில் வான் வந்து நிற்கும்வரை தீர்மானிக்கப்படாத ஒரு குடும்பச் சொத்தாகும்.

இவ்வாய்வுக்குக் கிண்ணியா தெரிவு செய்யப்பட்டமைக்குக் காரணம் உண்டு. கிழக்கே கொட்டியாரக் குடாவும் மேற்கே தம்பலகாமக் குடாவும் அணைத்துக் கிடக்கும் இவ்வூரில், 2009 ஒக்டோபர் மாதம் சவூதி அரேபிய நிதியுதவியுடன் கட்டி முடிக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்கு நேர்வழியில் செல்ல விரும்பியவர் எவரும் முதலில் நீரைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்கு இப்பகுதியார் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். நிலத்தில் கிடப்பதற்கும் நீரில் மிதப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மக்கள் நீர் விளையாட்டு வேறு, போக்குவரத்து வேறு என்று பிரித்தறியப் பிந்தியதில் வியப்பில்லை. ஆயினும் அதே ஊர் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் பெருந்தொகையான உயிர்களை இழந்தது என்பதும், 2021 நவம்பர் 23 ஆம் திகதி அவ்வூரின் குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர் என்பதும் இங்கே பதிவுசெய்யப்பட வேண்டியவை. ஆகையால் உயிர்காப்பு அங்கி அணிய வெட்கப்படும் மாமாமாரைப் பற்றிய பகுதி, நகைச்சுவைக்கு இடமில்லாதது எனக் கருதி, இக்கட்டுரையிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. அவர்கள் அணியவேண்டும், அவ்வளவே.

இனி விதிகளுக்கு வருவோம். உலர்ந்தவர் நனைவதற்கு ஒரு சிற்றலை போதும். நனைந்தவர் உலர்வதற்கோ ஒரு வெயிலும், ஒரு காற்றும், அவரை அவசரப்படுத்தாத ஒரு சாரதியும் வேண்டும். இச்சமனின்மையை ‘ஈரத்தின் ஒருவழிமை’ எனலாம். இதன் விளைவாகத் தலங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பது சுவையைப் பற்றிய வினாவாக இல்லாமல் பௌதிகவியல் வினாவாகிவிடுகிறது. இதற்கு விடை கூறப் புகுந்தோர் இரு பிரிவினராவர். முற்பகலில் தலங்களைக் கண்டுவிட்டுப் பிற்பகலில் கடலில் இறங்கவேண்டும் என்போர் உலர்முந்தியர். விடிந்ததும் கடல், பிறகே கல்லும் கோபுரமும் என்போர் நனைமுந்தியர். இவ்விரு பிரிவினரும் ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒரே கட்டிலில், வாழ்வதுண்டு.

உலர்முந்தியரின் நியாயம் எளிது: உப்பு ஒட்டிய உடம்போடும் சொட்டும் சட்டையோடும் திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலில் நிற்பது அழகன்று. இப்பிரிவினர் தம் முன்னோடியாக ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரைக் கொள்ளலாம். அவர் கடல் கடக்காமலே, இராமேச்சுரத்தில் இருந்தவாறே திருக்கோணமலையைப் பாடினார் என்பது மரபாதலால், கரைபொருத அத்தலத்தை ஒரு துளியும் மேலே படாமல் தரிசித்தவர் என்ற வகையில் அவரை விஞ்ச எவராலும் இயலாது. ஆனால் நடைமுறையில் இக்கொள்கைக்கு ஓர் ஊறு உண்டு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாமலைத் தீவுக்குப் படகில் செல்வதற்கு உகந்த நேரம் காலைதான்; வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிக் கடலைக் கலக்கிவிட்டால், 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தின் முருகைக் கற்களைப் பார்க்க வந்தவர் கலங்கிய நீரையும் தம் சொந்தக் கால்களையுமே பார்த்துத் திரும்ப நேரும்.

நனைமுந்தியர் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வர். நீர்மட்டத்துக்கு மேலே மூச்சுவிடும் குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்து மிதக்கும் விளையாட்டாகிய ஸ்நோர்க்கலிங், மனிதர் தம் உறவினரோடு சேர்ந்து செய்யும் காரியங்களுள் பேச முடியாத ஒரே காரியம் என்பதால், பயணத்தின் தொடக்கத்திலேயே அதை வைப்பது குடும்ப அமைதிக்கு உகந்தது என்பது அவர் வாதம். புறாமலையின் ஆழமற்ற நீரில் துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் உலவுகின்றன. அவை மனிதரைக் கண்டு விலகிப் போகும் இயல்பின. எனினும் ‘சுறா’ என்ற சொல் குழாய்க்குள்ளிருந்து எவ்வாறோ தெளிவாகக் கேட்டுவிடுவதால், மேற்படி அமைதி அடிக்கடி குலைகிறது.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மே முதல் செப்டெம்பர் வரை இக்கரைக் கடல் அடங்கியிருக்கும். ஆண்டிறுதியில் வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். தென்னிலங்கைக் கரைகளுக்கு இது நேர்மாறு என்பதை மறந்து டிசம்பர் விடுமுறையில் கொழும்பிலிருந்து நீச்சலுடையோடு வந்திறங்குவோர், முழுநாளும் உலர்ந்த கூரை தேடும் ஒரு தனிப் பிரிவினர் ஆவர்.

ஆட்கணக்கு இதைவிடச் சிக்கலானது. கிண்ணியாவின் விருந்து முறைப்படி சோறும் கறிகளும் ‘சஹன்’ என்னும் பெருந்தட்டில் பரிமாறப்பட்டு ஆறு பேர் அதனைச் சூழ்ந்திருந்து உண்பர். பயணத்துக்கு அமர்த்தப்படும் வானோ சாரதி நீங்கலாகப் பதினான்கு பேருக்கு இருக்கை தருவது. ஒரு சஹனிலும் இடம் வெறுமையாகாமலும், ஒரு வானிலும் இருக்கை வீணாகாமலும் பயணம் அமையவேண்டுமாயின், ஆறுக்கும் பதினான்குக்கும் உரிய பொதுச் சிறுமடங்காகிய நாற்பத்திரண்டு பேர் மூன்று வான்களில் சென்று ஏழு சஹன்களில் உண்ணவேண்டும் என்பது கணிதத்தால் நிறுவத்தக்கது. இதனால்தான் நான்கு பேர் போவதாகத் தொடங்கும் பேச்சு, இரவு முடிவதற்குள் சாச்சியின் பிள்ளைகளையும், பக்கத்து வீட்டாரையும், பக்கத்து வீட்டாரின் விருந்தாளியையும் உள்வாங்கி விரிகிறது. இதுவரை இது இளகிய மனத்தின் விளைவு என்றே கருதப்பட்டு வந்தது. மடியில் இருக்கும் பிள்ளைகள் வான் கணக்கில் பூச்சியமாகவும் சஹன் கணக்கில் அரையாகவும் கொள்ளப்படுவர். தயிர்ச்சட்டி இதற்கு எதிரானது. எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊராதலால் சட்டி இல்லாமல் வான் புறப்படாது. அதைக் கீழே வைத்தால் கவிழும், மேலே வைத்தால் விழும் என்பதால் ஒருவர் மடியில் வைத்திருக்க வேண்டும். அவர் பெயரளவிலேயே பயணி ஆவார்.

நாள் தெரிவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடுப்பகலை எடுத்துக்கொள்வதால் அந்நாள் தானே விலகிவிடும். ஏனைய நாட்களில் ளுஹர் தொழுகைக்கு வான் ஒரு பள்ளிவாசலில் நிற்கவேண்டும். அங்கேதான் ஈரம் மறுபடியும் தலைதூக்குகிறது. கடல்நீர் தூயது என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பாதலால் நனைந்தவரின் தூய்மைக்குக் குறைவில்லை. குறை விரிப்புக்குத்தான். விரிப்பைப் பராமரிக்கும் பெரியவரின் பார்வை எந்த வெயிலையும்விட விரைவாக ஈரத்தை உலர்த்தவல்லது என்று அனுபவசாலிகள் கூறுவர்.

காலந்தாழ்த்தல் பற்றி முறையிடுவோர் ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸை நினைத்துக்கொள்வது நன்று. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் கப்பலைச் செப்பனிட்டுக்கொண்டு போய்விடலாம் என்றெண்ணி அவரும் கப்பற் தலைவரான அவர் தந்தையும் இதே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கினர். மறு ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோக, மகன் தப்பி மன்னார்க் கரையோரம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679 இல். நீர்வழி வந்து, பண்பாட்டை மிக ஆழமாகப் பார்வையிட்டு, 1681 இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்ட அப்பயணத்தில், ஒரு தரிப்பு பத்தொன்பது ஆண்டு நீண்டது. அதனோடு ஒப்பிடுகையில், தலைவாரி முடியாமையால் ஏற்படும் முக்கால் மணித்தியாலத் தாமதம் புறக்கணிக்கத்தக்கது.

நிற்க. உலர்முந்தியரும் நனைமுந்தியரும் ஒருங்கே மறந்த செய்தி ஒன்று உண்டு. இம்மாவட்டத்தில் பண்பாடே பாதி நனைந்து கிடக்கிறது என்பதே அது. சுவாமிமலைக் குன்றின்மேல் இருந்த பழைய கோணேசர் கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று, ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாயிலில், இப்போது பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அவ்விடத்தில், புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கையிலே உலர்ந்த நிலையில் காணலாம். மற்றவற்றைக் காண வேண்டுமாயின் குதிக்கவேண்டும். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் அக்குன்றின் அடியிலுள்ள கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். கோயில் பார்ப்பதும் கடலாடுவதும் ஒரே செயலாக நிகழ்ந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வரிசை பற்றிய வழக்கு அவ்விருவரிடையே எழவே இல்லை.

மறுதலையாக, நீரே பண்பாடான இடமும் உண்டு. அது கன்னியா. திருகோணமலை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றரில், ஆழமற்ற ஏழு சதுரக் கிணறுகளில் வெவ்வேறு சூட்டில் வெந்நீர் ஊறுகிறது. தாயின் இறுதிக் கடன் கழிப்பதற்காக இராவணன் வாளால் ஏழுமுறை நிலத்தில் குத்த எழுந்த நீர் அது என்பது கதை. அதே இராவணனின் வாள்வெட்டே சுவாமிமலைப் பாறையின் பிளவு என்றும் சொல்லப்படுவதால், ஒரே கருவியைக் கொண்டு மலையிலொன்றும் நீரிலொன்றுமாக இரு தரிப்பிடங்களை ஏற்படுத்தித் தந்த வகையில், இம்மாவட்டத்தின் முதற் பயணத் திட்டமிடலாளர் என்ற பெயருக்கு அவனே உரியவன்.

இவ்விடத்தில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. கிண்ணியா வேறு, கன்னியா வேறு. ஓர் இகரத்திலும் இரு ணகரங்களிலும் தங்கிய இவ்வேறுபாட்டைத் தொலைபேசியில் கேட்டறிய இயலாது. வெந்நீர்க் கிணற்றைத் தேடிப் புறப்பட்ட வெளியூரார், உட்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு, நீண்ட பாலத்தையும் கடந்து கிண்ணியாச் சந்தியில் வந்து இறங்கி, கிணறு எங்கே என்று வினவுவதுண்டு. ஊரார் அவர்களுக்கு வழி சொல்வதற்கு முன் பிளேன்டீ கொடுப்பர். அதுவும் சூடான நீரே என்பதால் தேடல் முற்றிலும் வீண்போயிற்று என்று கூறுவதற்கில்லை.

கன்னியாவின் சிறப்பு அதன் பழமையில் மட்டும் தங்கியதன்று. காலையில் புறாமலையில் உப்பேறிய உடம்பை நடுப்பகலில் அங்கே வாளி வாளியாக ஊற்றி அலசிவிடலாம். கிணற்றடியில் நிற்பவர் யாவரும் நனைந்தவராகவே இருப்பதால் எவரையும் எவரும் முறைத்துப் பார்ப்பதில்லை. கோணேசர் கோயில் நடை சாத்தப்பட்டிருக்கும் மதிய நேரமும் வீணாகாது. பிற்பகல் வெயில் உலர்த்திக் கொடுக்க, மாலை நடை திறக்கையில் சுவாமிமலை ஏறி, கடலை உலர்ந்த உடையில் நின்று பார்க்கலாம். கடல், கிணறு, மலை என்ற இவ்வரிசையே இவ்வாய்வின் தீர்ப்பு. நனைமுந்தியர் வென்றனர் என்று உலர்முந்தியர் மனம் கோணவேண்டியதில்லை, கோயிலுக்குள் செல்கையில் உலர்ந்திருக்கவேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையும் இதில் நிறைவேறியிருக்கிறது.

தீராமல் எஞ்சுவது துவாய் மட்டுமே. உடுத்தவர் உலர்ந்த பின்பும் துடைத்தது உலர்வதில்லை. மஃரிபுத் தொழுகைக்கு வீடு சேரும் அவசரத்தில் அதை வானின் யன்னல் கண்ணாடியில் செருகிப் பறக்கவிடும் வழக்கம் கிண்ணியாப் பக்கத்தில் உண்டு. கடற்காற்று தடையின்றி வீசும் இடம் பாலம்தான். ஆனால் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 396 மீற்றரைக் கடக்க 36 விநாடிகளே ஆகின்றன, அதற்குள் எந்தத் துவாயும் உலர்ந்ததில்லை.