நடக்கவா போகுது?

கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து எம்பிக்களை வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பாட்டாளிக் கட்சி திட்டம் மேல் திட்டமாகச் சொல்கிறது. தேக்கா காப்பிக் கடையில், "கேட்க நல்லாத்தான் இருக்கு, நடக்கவா போகுது?" என்கிறார்களே?

பதில்: ஏன் நடக்காது? வேலையிழந்தவர்களுக்குக் காப்புறுதி வேண்டும் என்று அக்கட்சி 2016இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் திட்டத்தை 2025 ஏப்ரலில் ஆளும் மக்கள் செயல் கட்சி அரசு தொடங்கியது. காப்புறுதி வேறு, அரசு உதவி வேறுதான். ஆனால் கட்சி ஆட்சிக்கு வராமலே அதன் யோசனை நடைமுறைக்கு வரலாம்!

அதற்காகக் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,600 வெள்ளி வேண்டும் என்கிறார்கள் பாட்டாளிக் கட்சியினர். சிராங்கூன் சாலையின் சின்ன மளிகைக் கடைக்காரர் எப்படிச் சமாளிப்பார்? வீடு தேடி வரும் வேட்பாளரிடம் இதையும் கேளுங்கள்.