நடைக்காரர்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாஸ்டேல் ஹெட் என்றொரு குக்கிராமம். சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, யூ மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு தேவாலயம். மற்றபடி கல்லடுக்குச் சுவர்களும் ஹெர்ட்விக் ஆடுகளும்தான். அந்த அமைதியைத் தேடித்தான் சனிக்கிழமை காலையில் நடைக்காரர் வந்து இறங்குகிறார். கார்க் கதவை அவர் சாத்திய சாத்தில் ஆடுகள் நான்கு வயல் தள்ளிப் போய் நிற்கின்றன.

நடக்க இரண்டு கால் போதாதென்று கையில் இரண்டு தடி. நீர் புகாத பூட்ஸ், காற்று புகாத கோட்டு, கழுத்தில் ஆர்டினன்ஸ் சர்வே வரைபடம், பையில் வெயின்ரைட்டின் வழிகாட்டி. வெயின்ரைட் கென்டல் நகராட்சியில் கணக்குப் பார்த்தவர். கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி நடந்து, 214 குன்றுகளையும் தன் கையாலேயே எழுதி வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நடைக்காரர் அந்த 214-க்கும் பேனாவால் டிக் அடித்துக்கொண்டு வருகிறார்.

இன்றைக்கு ஸ்காஃபெல் பைக். 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமான சிகரம்.

"மழை வருமா?" என்று வழியில் ஒரு விவசாயியைக் கேட்கிறார். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்கிறார். "வந்தால் நல்லது. இவ்வளவு செலவு செய்திருக்கிறீர்களே."

வந்தது மழையல்ல, மூடுபனி. பாதி மலையில் ஒரு பாறையடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, நடைக்காரர் வந்த வழியே இறங்கிவிட்டார். வரைபடத்தைச் சரியாகப் படித்தது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் விடுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊரில் விடுதி நடத்திய வில் ரிட்சன் பெரிய புளுகர். எங்கள் பள்ளத்தாக்கில் டர்னிப் கிழங்கு எவ்வளவு பெரிசென்றால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் குடைந்து எடுத்தபின் கூட்டை ஆட்டுக் கொட்டகையாக்கிக்கொள்வோம் என்பாராம். அவர் நினைவாகப் பக்கத்து சாண்டன் பிரிட்ஜில் நவம்பர் மாதத்தில் பொய்ப் போட்டி நடப்பது வழக்கம். அரசியல்வாதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அனுமதி இல்லை, தொழில்முறைக்காரர்களாம். நடைக்காரர்களைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"உச்சியிலிருந்து ஸ்காட்லாந்து தெரிந்தது. ஐல் ஆஃப் மேன் தீவுகூடத் தெரிந்தது" என்கிறார் நம்மவர், பியர் நுரையைத் துடைத்தபடி. சன்னலுக்கு வெளியே பனி இன்னும் விலகவில்லை.

மூலையில் காலையில் பார்த்த அதே விவசாயி. "ரிட்சனுடைய டர்னிப் கொட்டகை தெரிந்ததா?"

"தெரிந்தது. கொஞ்சம் மங்கலாக."