பாயசத்தில் ஒரு திராட்சை

கேள்வி: எங்கள் வீட்டு நாய் சாம்பார் சாதம், பாயசம் என்று நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் சாப்பிடுகிறது. கொடுக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அது கேட்டால் எதைத்தான் மறுக்க முடியும்! ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும், முதலில் அந்தப் பாயசத்தை. நெய்யில் பொரிந்து உப்பி நிற்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். இத்தனை தின்றால் ஆபத்தில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் மேல்தான் இப்போது மருத்துவர்களின் சந்தேகம். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. சாம்பாரில் புளியோடு வெங்காயமும் சேர்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.

சாக்லேட் கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். வெந்த கோழி எலும்பு ஊசியாய் உடைந்து குடலைக் கிழிக்கும்.

அப்புறம் என்னதான் போடுவது? உப்பும் தாளிப்பும் இல்லாத குழைந்த சாதம், வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, கேரட், பூசணி. தயிர் ஒத்துக்கொண்டால் கொஞ்சம் பிசையலாம். வாலாட்டுவதில் குறையே இருக்காது.

திராட்சையைத் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புக் கரைசல் புகட்டாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.